பெயர்களும் வினைகளும்: ஒரு வியட்நாமியப் பலகாரத்தை முன்வைத்து

தின்பண்டங்களுக்கு மனிதர்கள் பெயரிடும் முறைகளைத் தொகுத்துப் பார்த்தால் அவை நான்கைந்து வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. செய்பொருளால் வரும் பெயர்: எள்ளுருண்டை, உளுந்துவடை. ஊரால் வரும் பெயர்: மைசூர்பாகு, காஞ்சிபுரம் இட்லி. செய்முறையால் வரும் பெயர்: முறுக்கு, பொரி, வற்றல். ஆனால் அடுப்பின் மேல் கிடக்கும்போது ஒரு பண்டம் எழுப்பும் சத்தமே அதற்குப் பெயராகிவிடுவது அரிதாகவே நடக்கிறது. எனக்குத் தெரிந்து அப்படிப் பெயர் பெற்ற பண்டங்களில் மிகவும் புகழ்பெற்றது வியட்நாமின் பான் ஸெவ்.

'பான்' என்பது மாவால் ஆன பண்டங்களுக்கெல்லாம் பொதுப்பெயர். 'ஸெவ்' என்பது சத்தம். காய்ந்த சட்டியில் நீர்த்த மாவு விழும்போது எழும் சத்தம். வியட்நாமியர் அதை இரட்டித்து 'ஸெவ் ஸெவ்' என்று சொன்னால் பொரியும் ஓசை என்று பொருள். நம்முடைய 'சுர்சுர்', 'சொய்சொய்' போல. இலக்கணத்தில் நாம் இரட்டைக்கிளவி என்று படித்ததும் அவர்கள் மொழியில் உள்ளதும் ஒன்றேதான் என்று சொல்லிவிட முடியாது. நம் இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது. அவர்களுடையது பிரிந்து நின்று ஒரு பலகாரமாகவே ஆகிவிட்டது.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சொல். 'பான்' என்று நான் எழுதுவது சைகோன்காரர்களின் வாய்வழக்கு. எழுத்துக்கூட்டலின்படி அந்தச் சொல்லின் இறுதியில் இருப்பது ஞகர மெய். 17ஆம் நூற்றாண்டில் அந்த மொழியை ரோமன் எழுத்தில் எழுதத் தொடங்கிய சேசு சபைப் பாதிரிமார்கள் போர்ச்சுகீசிய முறையில் அதைக் குறித்தார்கள். 1651இல் ரோம் நகரில் அச்சான அலெக்சாந்தர் தெ ரோடின் அகராதி வழியாக அது நிலைபெற்றது. ஆக, எழுத்தை நம்பினால் 'பாஞ்' என்று எழுத வேண்டும். தமிழில் ஞகர மெய்யில் முடியும் சொல் தொல்காப்பியர் காலத்திலேயே ஒன்றே ஒன்றுதான் இருந்தது: 'உரிஞ்'. அதுவும் பின்னர் 'உரிஞ்சு' ஆகிவிட்டது. நாம் கைவிட்ட ஓர் இறுதி ஒலிக்கு அந்நிய நாட்டுப் பலகாரம் ஒன்று மறுவாழ்வு கேட்கிறது என்று நினைக்கும்போது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. தவிர, அது தொனி மொழி. முதல் அசை மேலே ஏறுகிறது. இரண்டாவது கீழே இறங்குகிறது. நம் எழுத்தில் இதைக் காட்ட வழியில்லை.

பண்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. அரிசிமாவைத் தண்ணீரில் கரைத்து மஞ்சள்தூள் சேர்க்கிறார்கள். தெற்கே தேங்காய்ப்பாலும் சேரும். நறுக்கிய வெங்காயத்தாள் தூவுவதுண்டு. சட்டியில் பன்றி இறைச்சித் துண்டுகளையும் இறாலையும் வதக்கி, அதன் மேலேயே மாவை ஊற்றிச் சட்டியைச் சாய்த்துச் சுழற்றுகிறார்கள். முளைகட்டிய பயறும் சில இடங்களில் வேகவைத்த பாசிப்பருப்பும் உள்ளே போகும். சிறிது நேரம் மூடிவைத்துத் திறந்து, ஓரம் மொறுமொறுவென்று ஆனதும் பாதியாக மடித்து எடுத்துவிடுகிறார்கள். மஞ்சள் நிறத்தைப் பார்த்து முட்டை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் முட்டை கிடையாது. நடு வியட்நாமின் கடற்கரையில் இதுவே சிறியதாக இருக்கும். ஹுவே நகரத்தில் இதற்கு நெருங்கிய உறவினர் ஒருவர் உண்டு. பெயர் 'பான் கோவாய்'. குழிகள் கொண்ட அச்சில் ஊற்றும் 'பான் கோட்', 'பான் கன்' ஆகியவற்றைப் பார்க்கும் தமிழர் எவரும் குழிப்பணியாரத்தை நினைக்காமல் இருக்க மாட்டார்கள்.

*

'பான்' என்ற பொதுப்பெயருக்குத் தமிழில் எது நிகர் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். அது பரந்த குடும்பம். புத்தாண்டுக்கு இலையில் பொதிந்து வேகவைக்கும் ஒட்டரிசிக் கட்டி ஒரு பான். ஆவியில் வெந்து சுருட்டப்படும் மெல்லிய தாள் போன்றது ஒரு பான். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற ரொட்டி 'பான் மீ'. 'மீ' என்றால் கோதுமை. தடித்த சேமியா போன்ற நூல்கள் மிதக்கும் சாறுகூட ஒரு பான்தான். இவற்றையெல்லாம் கேக் என்றோ ரொட்டி என்றோ ஆங்கிலத்தில் சொல்லும்போது பாதி உறுப்பினர்கள் குடும்ப அட்டையிலிருந்து விடுபட்டுப் போகிறார்கள். போதாக்குறைக்கு வண்டிச் சக்கரமும் அந்த மொழியில் 'பான் ஸெ'. சோப்புக் கட்டியை எண்ணவும் 'பான்' பயன்படும். திரண்டு ஒரு வடிவத்துக்கு வந்தது என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் எங்கோ இருக்கிறது போலும். பெரும்பாணாற்றுப்படையில் கூவியர் என்ற அப்ப வணிகர்கள் செய்யும் பண்டத்தைப் புலவர் 'வட்டம்' என்ற வடிவச் சொல்லால் சுட்டுவது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது.

என் முடிவு, நிகரான தமிழ்ச்சொல் 'பலகாரம்' என்பதுதான். அதுவும் கடன் வாங்கிய சொல்லே. பழ உணவு என்று பொருள்படும் 'பலாகாரம்' என்ற வடசொல், விரத நாட்களில் சோற்றுக்குப் பதிலாக உண்பது என்று பொருள் விரிந்து, கடைசியில் பழத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத அதிரசம், வடை, தோசை என்ற எல்லாவற்றையும் தனக்குள் இழுத்துக்கொண்டது.

ஆம், தோசையும் பலகாரமாகத்தான் இருந்தது. இன்றைய நகரத்து இளைஞர்களுக்கு இது புரியாமல் போகலாம். எங்கள் ஊர் ரிஷிவந்தியம். தென்னார்க்காடு மாவட்டமாக இருந்து, 1993இல் விழுப்புரம் மாவட்டமாகி, 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டமாக ஆன நிலப்பகுதி. மேற்கே கல்வராயன் மலை. மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும். அடிவாரத்தில் மரவள்ளியும் கரும்பும். பாசனம் கிடைக்கும் இடத்தில் நெல். என் தாத்தா தலைமுறையில் அன்றாட உணவு கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும்தான். நெல் விளைவித்தவன் வீட்டிலும் நெல்லுச்சோறு எல்லா நாளும் கிடையாது. இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாப்பிள்ளை வந்தாலும் செய்யப்படுபவை. 'இன்னிக்கு அவங்க வீட்ல பலகாரமாம்' என்று தெருவில் சொன்னால் யார் வீட்டிலோ தோசைக்கல் காய்கிறது என்று அர்த்தம். தோசை எவ்வளவு பழையது என்று சொல்ல 12ஆம் நூற்றாண்டின் மானசோல்லாசத்தையும் விஜயநகர காலத்துத் திருப்பதிக் கல்வெட்டுகளின் தோசைப்படியையும் எடுத்துக்காட்டுவார்கள். ஒன்று அரசன் பெயரால் அமைந்த நூல். மற்றொன்று கோயில் நிவேதனம். அரண்மனையிலும் கோயிலிலும் இருந்த தோசை, ஆண்டுக்கு நான்கு நாள் என்ற கணக்கில் எங்கள் தெருவுக்கு வந்து, பிறகு ஓட்டல்கள் பெருகி, மாவரைக்கும் இயந்திரம் வந்து, அன்றாடமாயிற்று. அன்றாடமானவுடன் அது பலகாரம் என்ற பெயரையும் இழந்தது. இப்போது எங்கள் ஊரில் அது 'டிபன்'.

*

இவ்வளவையும் நான் யோசிக்க நேர்ந்தது ஒரு மொழிபெயர்ப்பினால். வேலை நிமித்தமாக இரண்டாண்டுகள் சைகோனில் இருந்தேன். 1976 முதல் அதன் பெயர் ஹோ சி மின் நகரம். ஆனால் அங்குள்ளவர்களே பேச்சில் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். திரும்பி வந்தபின், ஆங்கில வழியாகவும் எனக்குத் தெரிந்த சொற்ப வியட்நாமிய மொழியின் துணையோடும் ஒரு சிறுகதையைத் தமிழாக்கினேன். கதையில் ஒரு தாய் மழைநாளில் பான் ஸெவ் செய்கிறாள். அச்சுக்கு அனுப்பியபோது, பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு சிற்றிதழின் ஆசிரியர், 'பான் ஸெவ் என்றால் யாருக்கும் புரியாது, வியட்நாம் தோசை என்று மாற்றிவிடலாமே' என்றார். அவர் வாசகர் மேல் உள்ள அக்கறையால்தான் சொன்னார். இருந்தும் எனக்குள் ஏதோ ஒன்று முரண்டு பிடித்தது. அந்த முரண்டுக்கு நியாயம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இக்கட்டுரை.

முதலில் எனக்குத் தோன்றியது நம் பக்கத்து வலி. தோசையை ஆங்கிலத்தில் 'பான்கேக்' என்று விளக்கும்போதெல்லாம் நாம் முகம் சுளிக்கிறோம். அப்பத்தை வெள்ளைக்காரர்கள் 'ஹாப்பர்' ஆக்கினார்கள். யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளியான ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் அந்த உருவில்தான் அப்பம் உட்கார்ந்திருக்கிறது. இலங்கையில் இன்றும் ஆங்கிலப் பெயர்ப் பலகைகளில் அப்படியே தொடர்கிறது. பான் ஸெவ்வைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் 'கிரேப்' என்றார்கள். ஆட்சி செய்தவர்கள் தங்கள் சமையலறையை அளவுகோலாக வைத்து உலகத்துப் பண்டங்களை அளந்தார்கள் என்று குறைசொல்லும் நாம், ஆசியாவிலேயே இன்னொரு மக்களின் பண்டத்துக்கு நம் கல்லை அளவுகோலாக வைப்பது சரியா?

ஆனால் இந்த வாதம் முழுமையானதல்ல. அறியாததை அறிந்ததன் பெயரால் அழைப்பது எல்லா மொழியும் செய்கிற காரியம். போர்ச்சுகீசியர் வழியாகக் கடல்கடந்து வந்த ஒரு காரமான காயை நம் முன்னோர் பார்த்தார்கள், உறைப்பில் மிளகு, வடிவில் காய், 'மிளகாய்' என்றார்கள். அதைவிடச் சிறந்த பெயரை யாராலும் சூட்டியிருக்க முடியாது. மக்காச்சோளம் மெக்காவிலிருந்து வந்ததல்ல. இருந்தாலும் பெயர் நின்றுவிட்டது. தாய்லாந்துக்காரர்கள் பான் ஸெவ்வைத் தங்கள் நாட்டுப் பண்டம் ஒன்றின் பெயரோடு ஒட்டி 'கனோம் புவாங் யுவான்' என்கிறார்கள். வியட்நாமியரின் கனோம் புவாங் என்று பொருள். அது கிட்டத்தட்ட 'வியட்நாம் தோசை'யேதான். கம்போடியர்கள் மட்டும் அந்தச் சத்தத்தையும் சேர்த்துத் தங்கள் நாவுக்கேற்ப வாங்கிக்கொண்டார்கள்.

ஆக, பக்கத்து நாட்டவர்களே இரண்டு விதமாகவும் நடந்துகொண்டிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 'மிளகாய்' ஒரு புதிய சொல். அது மிளகுக்கு அடிமையாக இல்லை. நாளடைவில் மிளகையே ஓரம்கட்டிவிட்டது. 'வியட்நாம் தோசை' புதிய சொல் அல்ல. நம் தோசையின் வாலில் கட்டிய தகர டப்பா. அந்தப் பெயரைக் கேட்கிற வாசகன் தோசையைக் கற்பனை செய்து, அதில் குறை காண்பான். 'புளிப்பு இல்லையே' என்பான்.

இன்னொன்றும் உண்டு. சைகோனுக்குத் தமிழர்கள் அந்நியர்கள் அல்லர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே வட்டித்தொழில் செய்தார்கள். 1881இல் வந்த ஆணையின்படி தங்கள் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமையியல் சட்டத்தின் கீழ் வந்த புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அங்கே பிரெஞ்சு அரசு உத்தியோகங்களுக்குப் போனார்கள். த்ருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. தோன் தாட் தியெப் தெருவில் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. மாரியம்மனை வியட்நாமியர்கள் தங்கள் தெய்வமாகவே வணங்குகிறார்கள். ஊதுபத்தியும் பூவுமாக வெள்ளிக்கிழமையில் அங்கே நிற்கும் கூட்டத்தில் தமிழ் முகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த உறவில் நம் சமையல் அங்கே போயிற்று. கறி என்ற சொல் பல கைகள் மாறி 'கா ரி' என்ற பெயரில் இன்றும் சைகோன் கடைகளில் கொதிக்கிறது. தேங்காய்ப்பாலும் வத்தாளங்கிழங்கும் சேர்த்து, ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். சுவையைத் தங்கள் விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். பெயரை மாற்றவில்லை. 'இந்தியக் குழம்பு' என்று தங்கள் மொழியில் ஒரு பெயர் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. எதிர்த்திசையில் நெம் என்ற சுருள் பலகாரம் சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்களோடு புதுச்சேரிக்கு வந்து, அங்கே நெம் என்றே இருக்கிறது. கடலின் இரு கரையிலும் சாதாரணச் சமையற்காரர்கள் கடைப்பிடித்த நாகரிகத்தை இலக்கியக்காரர்களாகிய நாம் கைவிடத் தேவையில்லை.

*

நிற்க. ஆசிரியரின் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. 'பான் ஸெவ்' என்று எழுதினால் வாசகனுக்கு என்ன புரியும்?

இதற்கு விடை எனக்கு ரிஷிவந்தியத்திலிருந்து கிடைத்தது. சைகோனில் இருந்த நாட்களில் அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது ஒருமுறை இந்தப் பண்டத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மா பெயரைக் கேட்கவே இல்லை. வரிசையாகக் கேள்விகள் வந்தன.

"அரிசிய ஊறப்போட்டு அரைக்கிறாங்களா, மாவா இருக்கறத கரைக்கிறாங்களா?"

"கரைக்கிறாங்கம்மா."

"புளிக்க வெக்கிறாங்களா?"

"இல்ல. கொஞ்ச நேரம் வெச்சிருந்து ஊத்திடுவாங்க."

"தேய்க்கிறாங்களா, சும்மா ஊத்தி விட்டுர்றதா?"

"சட்டிய சாச்சி சுத்தி விட்டுருவாங்க."

"திருப்பிப் போடுவாங்களா?"

"மாட்டாங்க. மூடி வெச்சி, மடிச்சி எடுத்துருவாங்க."

அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். "அப்ப அது தோசையும் இல்ல, அடையும் இல்லப்பா. கரைச்ச மாவுல ஆப்பம் மாதிரி சுத்தி எடுக்கறது. அவங்க என்னா பேரு சொல்றாங்களோ அதையே சொல்லு."

நான்கே கேள்விகள். நான்கும் வினைச்சொற்கள்: அரை அல்லது கரை, புளி, தேய் அல்லது ஊற்று, திருப்பு. ஒரு தாவரவியலாளர் செடியின் இலையடுக்கையும் பூவிதழ் எண்ணிக்கையையும் கேட்டுக் குடும்பத்தைக் கண்டறிவது போல, பெயரையே தொடாமல் அந்தப் பண்டம் எந்த இனத்தைச் சேர்ந்தது, எதைச் சேர்ந்ததல்ல என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். 'வியட்நாம் தோசை' என்ற பெயரை ஒரே வாக்கியத்தில் தள்ளுபடி செய்தவர் அவர்தான். மொழிபெயர்ப்புக் கோட்பாடு எதையும் படித்தவர் அல்லர்.

பிறகு நான் வியட்நாமிய வினைகளைக் கவனிக்கத் தொடங்கினேன். அங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. பான் ஸெவ் செய்வதை அவர்கள் 'தோ' என்ற வினையால் சொல்கிறார்கள். ஊற்று என்று பொருள். அச்சில் கான்கிரீட் ஊற்றுவதற்கும் அதே சொல். தமிழில் 'வார்' என்ற வினை இருக்கிறது. தண்ணீர் வார்க்கலாம், தோசை வார்க்கலாம், வெண்கலத்தை உருக்கி அச்சில் வார்க்கலாம், அப்படி வந்ததுதான் வார்ப்படம். நீர்மமாக இருப்பது சூட்டிலோ அச்சிலோ விழுந்து திடமான உருவம் பெறும் அந்தக் கணத்தை, ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் ஒரே மாதிரி பார்த்திருக்கின்றன. எங்கள் பக்கம் பேச்சில் தோசையைச் சுடுவோம், அல்லது ஊற்றுவோம்; வார்ப்பது சில வீடுகளிலும் காவிரிப் பக்கத்திலும் அதிகம். ஆனால் சொல்லின் பொருள் எல்லோருக்கும் தெரியும்.

சாப்பிடும் முறையும் அப்படியே. மடித்த பண்டத்தைத் துண்டாக்கி, கடுகுக்கீரை இலையிலோ வேறு பச்சிலையிலோ வைத்து, புதினா போன்ற மணமிலைகளையும் சேர்த்து, 'குவோன்' செய்கிறார்கள். சுருட்டுகிறார்கள். பிறகு 'சம்' செய்கிறார்கள். தொட்டுக்கொள்கிறார்கள். தொடும் பொருளுக்கு 'நுவோக் சம்' என்று பெயர். மீன்சாறு, எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய் கலந்த நீர். சொல்லுக்குச் சொல் 'தொட்டுக்கொள்ளும் நீர்'. சட்னி, சாம்பார், கொத்சு, பொடி என்று எதுவானாலும் எங்கள் வீட்டில் கேட்கப்படும் கேள்வி, 'தொட்டுக்க என்னா?' என்பதுதான். 'சைட் டிஷ்' என்ற சொல் தட்டில் அது இருக்கும் இடத்தைச் சொல்கிறது; 'தொட்டுக்க' என்பது கை செய்யும் வேலையைச் சொல்கிறது. அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் நான் திண்டாடியதுண்டு. வியட்நாமிய மொழியில் அது எனக்காகவே காத்திருந்தது போல இருந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். பெயர்ச்சொற்களை மொழிபெயர்க்க முயலும்போது இரண்டு பண்டங்களும் ஒன்றையொன்று மிதிக்கின்றன. வினைச்சொற்களை மொழிபெயர்த்தால் இரண்டு அடுக்களைகளுக்கும் இடையில் உள்ள சுவர் தானாகவே மெலிந்துவிடுகிறது. பெயர் அவர்களுடையதாகவே இருக்கட்டும். வார்த்தாள், மூடினாள், மடித்தாள், சுருட்டினான், தொட்டுத் தின்றான் என்று வினைகள் தமிழில் வரட்டும். அந்த வினைகளைத் தன் கையால் செய்திருக்கிற வாசகனுக்குப் பண்டத்தின் பெயர் ஒரு தடையே இல்லை.

*

'தன் கையால் செய்திருக்கிற வாசகன்' என்று எழுதிய பிறகு பேனா கொஞ்சம் தயங்குகிறது. அப்படிப்பட்ட வாசகன் இன்னும் எத்தனை நாள் இருப்பான்?

அம்மாவின் பேச்சில் தோசைக்கல்லைச் சுற்றி ஒரு சொற்கூட்டம் இருக்கிறது. புதுக்கல்லை உடனே பயன்படுத்த முடியாது, 'பழக்க' வேண்டும். கல் 'காய' வேண்டும். காய்ந்ததா என்று அறிய நீரைத் தெளித்தால் சுர்ரென்று பதில் வரும். எண்ணெய் தடவக் கத்திரிக்காய்க் காம்பு. மாவு 'பொங்கும்', 'நீர்த்துப்போகும்', மழைநாளில் 'எழும்பாது'. கல் 'பிடித்துக்கொள்ளும்'. நன்றாக வந்தால் தோசை 'கண் விடும்', ஓரம் 'எழும்பும்'. வியட்நாமியப் பாட்டிகளிடமும் இதே போன்ற ஒரு கூட்டம் இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏனெனில் அவர்கள் சட்டியும் காய வேண்டும், இல்லையென்றால் 'ஸெவ்' எழாது; பெயரே பிறக்காது.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இப்போது அரைத்த மாவு பொட்டலமாகக் கிடைக்கிறது. அதைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. ஆட்டுக்கல்லில் பெண்களின் தோள்கள் எப்படித் தேய்ந்தன என்பதைப் பார்த்தவன் நான். ஆட்டுக்கல் போனது நல்லதே. ஆனால் அதோடு சில வினைகளும் போகின்றன. பொட்டலத்தை வாங்குபவரிடம் 'அரைத்ததா, கரைத்ததா' என்று கேட்டால் விழிப்பார். தோசையின் வகைகள் இப்போது ஓட்டல் பலகையிலிருந்து வீட்டுக்கு வருகின்றன: பிளைன், ரோஸ்ட், மசால். இவை எல்லாம் பெயர்கள். இவற்றில் கை எதுவும் செய்வதில்லை.

வட்டார அகராதிகள் நம்மிடம் இருக்கின்றன என்பது பெரிய ஆறுதல். 1982இல் கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்குத் தொடங்கிவைத்தார். பெருமாள்முருகன் கொங்குக்குச் செய்தார். எங்கள் மண்ணுக்கு விருத்தாசலத்துப் பக்கத்துக் கண்மணி குணசேகரன் 2007இல் 'நடுநாட்டுச் சொல்லகராதி'யைத் தந்தார். ஓர் எழுத்தாளர் தனியாளாக இவ்வளவு சொற்களை அள்ளிவந்து கொட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நன்றியும் கூச்சமும் சேர்ந்தே வருகின்றன. அந்த நூல்களின் பக்கத்தில் வைக்க எனக்கு ஒரு சிறிய ஆசை உண்டு: அடுக்களை வினைகளுக்கென்று ஒரு தனித் தொகுப்பு. வதக்கு, தாளி, கிண்டு, கிளறு, துழாவு, கடை, மசி, பிசிறு, விரவு, வடி, இறுத்து, கொழிக்க, புடைக்க என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம், அதைச் சொல்லும் ஒரு வாய், செய்யும் ஒரு கை. பெயர்களை எங்கிருந்தும் கடன் வாங்கிக்கொள்ளலாம். தமிழ் அதை ஈராயிரம் ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறது, பலகாரமே அதற்குச் சாட்சி. வினைகளை அவ்வளவு எளிதாகக் கடன் வாங்க முடிவதில்லை. 'ஃப்ரை பண்ணு', 'மிக்ஸ் பண்ணு' என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'பண்ணு'வை ஒட்டி நாம் பேசத் தொடங்கியிருப்பது அந்த இயலாமையின் அடையாளம்தான். வதக்குவதும் பொரிப்பதும் வறுப்பதும் ஒரே 'ஃப்ரை'யில் மூழ்கிப்போனால், அம்மா கேட்ட நான்கு கேள்விகளைக் கேட்க ஆளிருக்காது. அப்போது உலகத்தில் எந்தப் பண்டத்தைக் காட்டினாலும் 'அந்த ஊர்த் தோசை, இந்த ஊர்த் தோசை' என்று சொல்வதைத் தவிர நமக்கும் வேறு வழி இருக்காது.

எங்கள் ஊர் அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கருவறை லிங்கத்தின் மேல் தேனை வார்ப்பார்கள். தேன் வழியும்போது மட்டும் அம்மையப்பன் இணைந்த உருவம் அதில் தெரிகிறது என்பது நம்பிக்கை. அதைக் காணவே கூட்டம் வரும். சிறுவயதில் எட்டிப் பார்த்தபோது எனக்குத் தேன் வழிவதுதான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர்கள் எல்லோரும் 'தெரியுது, தெரியுது' என்றார்கள். வார்க்கும்போதுதான் தெரியும், நின்றபின் தெரியாது என்று ஒரு பாட்டி எனக்கு விளக்கினார். வினை நடக்கும் நேரத்தில் மட்டும் நிற்கும் உருவங்கள் சில உண்டு என்பதை நான் முதலில் கேட்டது அங்கேதான்.

சிறுகதையை ஆசிரியரிடம் திருப்பி அனுப்பினேன். 'பான் ஸெவ்' என்பதை அப்படியே விட்டிருந்தேன். முன்பு ஆங்கிலத்தைப் பின்பற்றி 'அம்மா பான் ஸெவ் தயாரித்தாள்' என்று இருந்த வாக்கியத்தை மட்டும் மாற்றினேன்: 'காய்ந்த சட்டியில் அம்மா மாவை வார்த்துச் சுழற்றியதும் ஸெவ் என்றது.' இரண்டு நாள் கழித்து ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. அடிக்குறிப்பு வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். தொட்டுக்கொள்ள என்ன கொடுப்பார்கள் என்றும் கேட்டிருந்தார்.